எண்ணும்மையும் பொட்டுக்குறியும்: சின்னமனூர்ச் செப்பேடு முதல் கைப்பேசியின் எழுத்துப்பெட்டி வரை

பல பொருள்களை ஓரிடத்து நிரல்படக் கூறுதல் எல்லா மொழிகளுக்கும் பொதுவான தேவை. அவ்வாறு கூறுங்கால், ஒரு பொருள் முடிந்து மற்றொரு பொருள் தொடங்கும் எல்லையைப் படிப்போர் ஐயமின்றி அறிதல் வேண்டும். அவ்வெல்லையைக் காட்டுதற்கு இக்காலத்தார் பெரிதும் கையாள்வது வரியின் முதலில் இடப்பெறும் பருத்த புள்ளியாகும். ஆங்கிலத்தார் 'புல்லட்' என வழங்கும் இதனை ஈண்டுப் பொட்டுக்குறி என்று குறிப்போம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணவர் ஒருவர் இதனைத் 'தோட்டா' என்று பெயர்த்து எழுதியது கண்டு நகைத்ததுண்டு. பின்னர் அக்குறி விளைத்த கேட்டை அறிந்தபோது, அப்பெயரும் முற்றும் பொருந்தாததன்று என்று தோன்றிற்று.

கைப்பேசிச் செயலியின் எழுத்துப்பெட்டியில் பொட்டிட்ட பட்டியல் எவ்வாறு நிற்கின்றது, எவ்வாறு சிதைகின்றது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். தமிழாய்வுக்குரிய இதழில் இதற்கு இடம் ஏது என்று சிலர் வினவக்கூடும். எம் மாணவரின் களப்பணியில் நேர்ந்த ஓர் இழப்பே எம்மை இதன்பால் ஈர்த்தது. அதனை முதற்கண் கூறுதல் நலம்.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப்பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நெல்வயல் 14,707 ஏக்கர் என்பது அரசின் கணக்கு. பெரியாற்று அணை 1895-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதற்கு முன்னும் வாய்க்காற் பாசனம் வழங்கிய நிலம் ஆதலின், நீர்ப்பாய்ச்சல் பற்றிய சொற்கள் அங்கு மிகுதி. அவற்றைத் திரட்டுதற்கு எம் முதுகலை மாணவர் அறுவர் சின்னமனூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தங்கினர். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு செல்லும் வழக்கம் அருகிவிட்டது; வரப்பின்மேல் நின்றபடியே கைப்பேசியிலுள்ள குறிப்புச் செயலியில் எழுதினர். சொல் ஒன்றுக்கு வரி ஒன்று, வரியின் முதலில் பொட்டு, சொல்லை அடுத்துச் சிறுகோடு, அதன்பின் பொருள். 'மடை – வயலுக்கு நீர் புகும் வாய்' என்பது ஒரு வரி. 'மதகு – கண்மாயின் நீரை அடைத்துத் திறக்கும் அமைப்பு' என்பது அடுத்த வரி. இவ்வமைப்பில் குற்றம் ஏதும் இல்லை. மாலைதோறும் அறுவரும் தத்தம் குறிப்பைப் படியெடுத்துப் பொதுப் படிவம் ஒன்றன் எழுத்துப்பெட்டியில் ஒட்டினர். பெட்டி சொற்களை எல்லாம் ஏற்றுக்கொண்டது. பொட்டுகளும் வரிமுறிவுகளும் மட்டும் அதனுட் புகவில்லை.

சில திங்கள் கழித்துத் தொகுத்தபோது, 'வாய்மதகு' என்றொரு சொல் வகர வரிசையில் நின்றது. கண்மாயின் நீரை அடைத்துத் திறக்கும் அமைப்பு என்பது அதற்குப் பொருள். மடை என்னும் சொல்லுக்கோ, 'வயலுக்கு நீர் புகும்' என்று முடியாத பொருள் எஞ்சிற்று. தொகுத்த மாணவர் பெயரெச்சம் பெயரின்றி நிற்றல் கண்டு, 'இடம்' என்னும் சொல்லைத் தாமே சேர்த்து முடித்திருந்தார். இலக்கணம் கற்றவர் செய்த திருத்தம் ஆதலின் பிழை மேலும் மறைந்தது. அம்மட்டோடு நில்லாது, மதகு என்னும் தனிச்சொல் பட்டியலில் காணப்படாமையால், இவ்வட்டாரத்தார் மதகை வாய்மதகு என்றே வழங்குவர் என ஒரு கருத்தும் ஆய்வேட்டின் வரைவில் இடம்பெற்றது. சின்னமனூர் உழவர் ஒருவரிடம் அதனைப் படித்துக்காட்டியபோது, "வாய்மதகா? மடை இருக்கு, மதகு இருக்கு. இது எந்த ஊருல இருக்கு சார்?" என்று அவர் கேட்டார். அவ்வினாவே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய்.

எழுத்துப்பெட்டியின் இயல்பு

எழுத்துப்பெட்டி என்பது திரையில் ஒரு சிறு தாள் போலத் தோன்றும். உண்மையில் அதனுள் தாளும் இல்லை, ஓரமும் இல்லை, வரியும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குறியெண்களின் சரமே உள்ளது. மடை என்னும் சொல் அச்சரத்தில் மூன்று குறியெண்களாக நிற்கும்: மகரம் ஒன்று, டகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. வரி முறிதலும் ஒரு குறியெண்ணே. அதன் எண் 10. கண்ணுக்குத் தோன்றாவிடினும் அஃது எழுத்துப் போலவே எண்ணப்படும். பொட்டுக்குறிக்கும் யூனிகோடு முறையில் தனி எண் உண்டு. பதினாறு அடிமான முறையில் 2022, நமக்குப் பழகிய பதின்ம முறையில் 8226. ஆகவே பட்டியலின் உறுப்பு ஒவ்வொன்றன் முன்னும் வரிமுறிவு, பொட்டு, வெற்றிடம் ஆகிய மூன்றும் எழுத்துகளாகவே நிற்குமாயின், அப்பட்டியல் சரம் செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும் என்று எதிர்பார்க்கலாம்.

ஆயின் பொட்டு எப்போதும் எழுத்தாக நிற்பதில்லை. குறிப்புச் செயலிகளில் பட்டியற் பொத்தானை அழுத்தியவுடன் தோன்றும் பொட்டு பெரும்பாலும் பத்தியின் பண்பேயன்றி எழுத்தன்று. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் பத்திக்குப் பொட்டிடுதற்கென 'புல்லட்ஸ்பேன்' என்னும் தனி வகுப்பு உள்ளது. அது பத்தியை உள்ளே தள்ளி, விட்ட இடத்தில் பொட்டை வரைகின்றது, சரத்துள் எழுதுவதில்லை. ஐபோனிலும் பட்டியலைப் பத்தியின் பண்பாகக் குறிக்கும் ஏற்பாடு உண்டு. இணையப் பக்கங்களிலோ, பட்டியலுக்குரிய அடையாளத்தைக் கண்டு உலாவியே பொட்டை இட்டுக் காட்டும். வரைந்த பொட்டுக்கும் எழுதிய பொட்டுக்கும் கண்ணளவில் வேறுபாடு இல்லை. படியெடுத்து, எளிய எழுத்தை மட்டுமே ஏற்கும் பெட்டியில் ஒட்டும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். சில செயலிகள் படியெடுக்கும்போது வரைந்த பொட்டை எழுத்தாக மாற்றித் தருகின்றன; சில தருவதில்லை. எம் மாணவர் கையாண்டது பின்னைய வகையினது.

இனி, வரிமுறிவு மறைந்த வகையையும் காண்போம். எழுத்துப்பெட்டிகள் ஒருவரிப் பெட்டி, பலவரிப் பெட்டி என இருவகைப்படும். பெயர், ஊர் முதலியவற்றை எழுதுதற்கு உரியது முன்னையது. செய்தி எழுதுதற்கு உரியது பின்னையது. ஒருவரிப் பெட்டியில் வரிமுறிவுக்கு இடமில்லை. கைப்பேசிக்குரிய செயலிகளின் ஒருவரிப் பெட்டி, ஒட்டப்பட்ட வரிமுறிவை வெற்றிடமாகக் காட்டுதல் பெரும்பான்மை. இணையப் படிவத்தின் ஒருவரிப் பெட்டியோ, அதன் விதிப்படி, வரிமுறிவை முற்றிலும் நீக்கிவிடும்; அதன் இடத்தில் ஒன்றும் வையாது. முன்னையதில் 'வாய் மதகு' எனப் பிரிந்து நின்றிருக்கும். அங்ஙனம் நின்றிருப்பின் யாரேனும் ஐயுற்றிருக்கவும் கூடும். பின்னையதில் 'வாய்மதகு' என ஒட்டி நின்றது. யகர மெய்யின்பின் மகரம் இயல்பாக வருதல் தமிழ்ப் புணர்ச்சிக்கு ஒத்ததே ஆதலின், போலிச்சொல்லுக்கு இலக்கணமும் துணை நின்றது. எழுத்துகளுள் எஞ்சிய சிறுகோடும் தீங்கே செய்தது: அதற்கு முன் நிற்பது தலைச்சொல் என்று தொகுத்தவர் கொண்டமையால், முன்வரியின் ஈற்றுச்சொல்லும் தலைச்சொல்லோடு சேர்ந்துகொண்டது.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. எழுதுவோர் எளிய எழுத்துகளால் குறிப்புக் காட்ட, செயலி அதனைப் பட்டியலாக மாற்றிக் காட்டும். 2004-ஆம் ஆண்டு வெளிவந்த மார்க்டவுன் என்னும் முறை இதற்கு எடுத்துக்காட்டு. வரியின் முதலில் சிறுகோடோ உடுக்குறியோ இட்டு ஒரு வெற்றிடம் விட்டு எழுதினால் அது பொட்டிட்ட வரியாகும். வாட்சப் செயலியும் 2024-ஆம் ஆண்டு முதல் இம்முறையை ஏற்றுள்ளது. இங்கு அனுப்பப்படுவது சிறுகோடும் வெற்றிடமுமே. பொட்டு திரையில் தோன்றும் வடிவம். ஆதலின் வேறிடத்தில் ஒட்டினாலும் சிறுகோடேனும் எஞ்சும். ஒரு நுட்பம் கருதத்தக்கது. வாட்சப்பில் உடுக்குறி தடித்த எழுத்துக்கும் உரியது. வெற்றிடம் விடாமல் சொல்லோடு ஒட்டி உடுக்குறி இட்டு, அதே வரியில் பிறிதோர் உடுக்குறியும் சொல்லின் ஈற்றில் வருமாயின், பட்டியல் தோன்றாது. இடைப்பட்ட பகுதி தடித்துத் தோன்றும். ஆதலின் சிறுகோட்டைக் கொள்ளுதலே தக்கது.

செப்பேட்டில் எண்ணுமுறை

சொற்கள் திரட்டச் சென்ற ஊர் சின்னமனூர் ஆதலின், அவ்வூரின் பெயர் தாங்கிய செப்பேடுகள் நினைவுக்கு வருதல் இயல்பே. சின்னமனூர்ச் செப்பேடுகள் சிறியன, பெரியன என இரு தொகுதிகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் நான்காம் பகுதியில் கிருஷ்ண சாஸ்திரியார் இவற்றை 1929-இல் பதிப்பித்தார். 'பாண்டியர் செப்பேடுகள் பத்து' என்னும் தொகுப்பிலும் (1967) இவை உள்ளன. பெரிய செப்பேடு இரண்டாம் இராசசிம்மனின் பதினாறாம் ஆட்சியாண்டில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நற்செய்கைப்புத்தூர் என்னும் ஊரை மந்தரகௌரவமங்கலம் எனப் பெயரிட்டு வழங்கியதைக் கூறுவது. அதன் வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப்பகுதி வட்டெழுத்திலும் அமைந்துள்ளன.

வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற இத்தகைய தமிழ்ப்பகுதிகளை அச்சுநூலில் காண்போர்க்கு அவற்றின் உண்மையான தோற்றம் புலப்படாது. அச்சில் காணும் சொற்பிரிப்பு, வரியெண், காற்புள்ளி ஆகியன பதிப்பாசிரியர் இட்டவை. செப்பேட்டில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் இல்லை, பத்தி இல்லை, பட்டியலைக் காட்டும் பொட்டும் இல்லை. தகட்டின் விளிம்பு வந்ததும் வரி முறியும்; அங்கே சொல் முடிந்ததா என்று பொறிப்போன் நோக்குவதில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியனார் காலத்து இலக்கணம். எனினும் வட்டெழுத்தில் அப்புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஓலையில் எழுதியோரும் அதனை விட்டனர். தமிழில் புள்ளி எழுத்தின் உறுப்பாக இருந்தும், முதலில் விடுபடுவது அதுவே. இந்நிலையை நோக்கின், செப்பேடு அச்சுத்தாளுக்கு உறவன்று. எழுத்துப்பெட்டிக்கே நெருங்கிய உறவு. இரண்டிலும் உள்ளது ஒரு நெடிய எழுத்துச்சரமே.

அச்சரத்துள் பட்டியல் எவ்வாறு நின்றது? பெரிய செப்பேட்டின் தமிழ்ப்பகுதி பாண்டியர் முன்னோரின் செயல்களை நெடுக அடுக்கிச் செல்கின்றது. கடல் கடைந்து அமுதம் கொண்டமை போன்ற புராணச் செயல்களும், மாபாரதத்தைத் தமிழாக்கியமை, மதுரையில் சங்கம் வைத்தமை போன்ற இலக்கிய வரலாற்றுச் செயல்களும் அவ்வடுக்கில் உள்ளன. செயல் ஒவ்வொன்றும் வினையெச்சமாய், ஈற்றில் உம்மை ஏற்று நிற்கும். உம்மை வந்தவுடன் ஓர் உறுப்பு முடிந்தது என்று படிப்போன் அறிகின்றான். எல்லா உறுப்புகளையும் இறுதியில் வரும் வினை ஒன்று ஏற்றுக்கொள்கின்றது. பொட்டு உறுப்பின் முதலில் நிற்பது. உம்மை உறுப்பின் ஈற்றில் நிற்பது. பொட்டு சொல்லுக்குப் புறம்பானது. உம்மை சொல்லின் பகுதி. அதனை நீக்கவேண்டுமாயின் சொல்லையே சிதைத்தல் வேண்டும். வெற்றிடம் அனைத்தையும் நீக்கி, வரிமுறிவு அனைத்தையும் நீக்கி, ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் அவ்வடுக்கின் உறுப்புகள் பிரிந்தே நிற்கின்றன.

உம்மை காட்டாத ஒன்றும் உண்டு. மாபாரதத்தைத் தமிழாக்கியதும் சங்கம் வைத்ததும் அடுத்தடுத்து எண்ணப்படுவதால், முன்னது நிகழ்ந்தபின் பின்னது நிகழ்ந்தது என்றோ, ஒருவனே இரண்டையும் செய்தான் என்றோ கொள்ளுதற்கு அவ்வடுக்கு இடந்தராது. செயல்கள் இன்ன வேந்தனுடையன என்று பெயர் சுட்டாமல், முன்னோர் செயல்களாகவே கூறப்படுகின்றன. எண்ணும்மை உறுப்புகளைப் பிரிக்கும். வரிசையோ தகுதியோ காலமுறையோ கூறாது. சங்க வரலாறு எழுதப் புகுவோர் இதனை மறத்தல் ஆகாது. பொட்டுக்குறியின் இயல்பும் இதுவே. எண்ணிட்ட பட்டியலோ அவ்வாறன்று. ஒன்று, இரண்டு என எண்ணிட்டவுடன் படிப்போர் வரிசையை எதிர்நோக்குவர். மாணவர் ஆய்வேடுகளில் காரணங்களை எண்ணிட்டு எழுதி, பின்னர் அவற்றுள் எது முதன்மையானது என்று வினவினால் விழிப்பதைக் காண்கின்றோம். செயலியே எண் இட்டுத் தருவதன் விளைவு இது.

செவ்வெண்ணும் தொகையும்

எண்ணிடைச்சொற்கள் பற்றித் தொல்காப்பியர் இடையியலில் கூறியவற்றைப் பின்னோர் தொகுத்தும் விளக்கியும் சென்றனர். நன்னூலார் இவ்வெண்களை இரு கூறாக்கினார். பெயர்ச்செவ்வெண், ஏகாரவெண், என்றா எண், எனா எண் ஆகிய நான்கும் இறுதியில் தொகை பெற்றே வரும். உம்மை, என்று, என, ஓடு ஆகிய நான்கும் தொகை பெற்றும் பெறாமலும் வரும். இடைச்சொல் யாதும் இன்றிப் பெயர்களை வாளா அடுக்குதலே செவ்வெண். 'மடை, மதகு, வாய்க்கால் மூன்றும் பழுதுற்றன' என்பதில் 'மூன்றும்' என்னும் தொகை வேண்டும். 'மடையும் மதகும் வாய்க்காலும் பழுதுற்றன' என்பதில் தொகை இன்றியும் பொருள் நிரம்பும்.

இவ்விதி எக்காரணத்தால் எழுந்தது? வெறும் பெயர்களை அடுக்கும்போது, அவை தனித்தனிப் பெயர்களா, ஒன்றற்கு மற்றொன்று அடைமொழியா என்னும் ஐயம் எழும். வாய் மதகு என்பது இரண்டா, ஒன்றா? தொகை கூறியவுடன் ஐயம் அகலும். இனி, இக்காலப் பொட்டிட்ட பட்டியல் நன்னூலார் வகுத்தவற்றுள் எதன்பாற்படும் என்று நோக்கின், அது பெயர்ச்செவ்வெண்ணே என்பது தெளிவு. இடைச்சொல் இல்லை, பெயர்கள் வரிதோறும் வாளா நிற்கின்றன. பொட்டும் வரிமுறிவும் உள்ளவரை தொகையின் தேவை உணரப்படுவதில்லை. அவை நீங்கியவுடன் பட்டியல் தொகையில்லாச் செவ்வெண்ணாகி ஐயத்துக்கு இடமாகின்றது. எம் மாணவர் ஒவ்வொரு நாட்குறிப்பின் ஈற்றிலும் 'ஆகச் சொற்கள் இருபது' என்று ஒரு வரி எழுதியிருப்பின், தொகுத்தபோது உறுப்பு ஏதேனும் விடுபட்டிருப்பின் அதனைக் கண்டு திருத்தியிருப்பர்.

காற்புள்ளியிட்டு அடுக்கி, இறுதி உறுப்பின்முன் 'மற்றும்' என்னும் சொல்லை இடுவது இக்காலத்துப் பெருவழக்கு. அது தொகையும் தாராது. உறுப்பு ஒவ்வொன்றையும் பிரிக்கவும் செய்யாது. இறுதி உறுப்பு வந்துவிட்டது என்பதொன்றையே அறிவிக்கும். அதன் தோற்றம் பற்றி ஈண்டு விரிப்பின் பெருகும்.

ஆவணம் எழுதியோர் தொகையின் பயனை நன்கு உணர்ந்திருந்தனர். ஊர்க்கொடை கூறும் செப்பேடுகள் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என எல்லைகளைக் கூறி, அவற்றைப் பெருநான்கெல்லை எனத் தொகுத்து முடித்தல் மரபு. ஓர் எல்லை விடுபடின் 'நான்கு' என்னும் எண்ணே அதனைக் காட்டிக்கொடுக்கும். வரிவிலக்குகளைப் பதினெட்டு வகைப் பரிகாரம் எனத் தொகையால் சுட்டும் பல்லவர் வழக்கும் இதற்கு இனமானது. நூலின் உத்திகளுள் தொகுத்துச் சுட்டலையும் வகுத்துக் காட்டலையும் அடுத்தடுத்து வைத்த நன்னூலார், தம் பொதுப்பாயிரத்திலும் ஏழு மதம், பத்துக் குற்றம், பத்து அழகு என எண்ணை முதற்கண் நிறுத்தியே வகுக்கத் தொடங்குகின்றார். ஓலை முறிந்தாலும், படியெடுப்போன் ஒன்றை விட்டாலும், எண் சான்றாய் நின்று உண்மை கூறும்.

கண்பார்வை இழந்தோர் கையாளும் திரைபடிப்பான் என்னும் மென்பொருளிலும் இதனை ஒத்ததொரு முறை காணப்படுகின்றது. முறையாக அடையாளமிட்ட பட்டியலைப் படிக்கப் புகும்போது, இத்தனை உறுப்புகள் கொண்ட பட்டியல் என்று அது முதலில் அறிவித்துப் பின்னர் உறுப்புகளைப் படிக்கின்றது. கண்ணால் காணும் பொட்டு செவிக்குப் பயன்படாது. செவிக்குத் தொகை வேண்டும். செய்யுளும் நூற்பாவும் செவிவழிப் பரவிய காலத்து இலக்கணம் தொகையை வற்புறுத்தியதற்கும் இதுவே காரணமாதல் கூடும். ஆயின் கையால் இட்ட பொட்டெழுத்தை அம்மென்பொருள் பட்டியல் என்று அறியாது. தனிக்குறியாகப் படிக்கும், அல்லது படியாது விடும். வரைந்த பொட்டும் எழுதிய பொட்டும் ஒவ்வொன்றும் ஓரிடத்தில் உதவி ஓரிடத்தில் கைவிடுகின்றன என்பது இதனால் பெறப்படும்.

எழுதுவோர்க்குச் சில குறிப்புகள்

பொட்டை எழுத்தாகவே இட விரும்புவோர்க்கு, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வழக்கமான விசைப்பலகையிலேயே அக்குறி உண்டு. எழுத்துப் பலகையிலிருந்து எண் பலகைக்கும், அதிலிருந்து இரண்டாம் குறிப்பலகைக்கும் சென்றால் அது காணப்படும். வரிதோறும் அவ்வாறு செல்வது தொல்லை. ஒருமுறை இட்டு அதனையே படியெடுத்து ஒட்டுதல் எளிது. கணினியில் வேர்டு மென்பொருளில் எழுதிய பட்டியலைக் கைப்பேசியில் ஒட்டும்போது பொட்டின் இடத்தில் வெறுங்கட்டம் தோன்றுவதுண்டு. அங்குள்ள பொட்டு தனி எழுத்துரு ஒன்றன் தனிப்பயன் குறியெண்ணாக இருத்தலும், அவ்வெழுத்துரு கைப்பேசியில் இன்மையும் இதற்குக் காரணம். அக்கட்டத்தை நீக்கிவிட்டு முன்சொன்ன பொட்டையோ சிறுகோட்டையோ இடுதல் வேண்டும்.

நீண்ட உறுப்பு இரண்டாம் வரிக்குச் செல்லுங்கால், எழுதிய பொட்டின் நேர்கீழே அவ்வரி தொடங்கும், உள்தள்ளி நில்லாது. கைப்பேசித் திரை குறுகியது, தமிழ்ச்சொல் நெடியது. எனவே இந்நிலை அடிக்கடி நேரும். வெற்றிடங்களை இட்டு அதனை நேர்படுத்த முயல்வது வீண். எழுத்தின் அளவு மாறினாலும் திரை மாறினாலும் அவ்வெற்றிடங்கள் வரியின் நடுவே ஓட்டைகளாய் நிற்கும். உள்தள்ளல் பத்தியின் பண்பு. எளிய எழுத்துப்பெட்டியில் அதனைப் பெற இயலாது. உறுப்பைச் சுருக்கி எழுதுவதே வழி.

குறுஞ்செய்தியில் இன்னொரு கருத்தும் நோக்கத்தக்கது. ஆங்கில எழுத்துகள் 160 கொள்ளும் ஒரு செய்தி, தமிழாயின் 70 குறியெண்களே கொள்ளும். பொட்டும் வெற்றிடமும் வரிமுறிவும் அவ்வெழுபதுள் அடங்கும். ஐந்து உறுப்புக்குப் பதினைந்து போய்விடும். ஆங்கிலச் செய்தியிலும் ஒரே ஒரு பொட்டு இடப்பெறின், அது பழைய எழுத்துத்தொகுதியில் இன்மையால், முழுச்செய்தியும் 70 என்னும் அளவுக்குச் சுருங்கும்.

எண்ணிட விரும்புவோர் தமிழெண்களைக் கையாளலாமா என்று மாணவர் வினவுவர். இணையப் பக்கங்களின் நடைவிதிகளுள் பட்டியலுக்குத் தமிழெண் இடும் ஏற்பாடு உள்ளது. அதனைக் கொள்ளின் ௧, ௨ என உலாவி தானே காட்டும். அதுவும் வரைந்த எண்ணே. படியெடுத்தால் வாராதொழிதல் உண்டு. மாறாக, மார்க்டவுன் முறையின் இன்றைய பொதுவிதி 1, 2 என்னும் எண்களையே பட்டியலெண்ணாக ஏற்கும். ௧ என எழுதினால் அதனைப் பட்டியல் என்று கொள்ளாது. இதனைக் குறை என்று சிலர் வருந்துவர். எம் கருத்து வேறு. செயலி அறிந்துகொள்ளாத குறியைச் செயலி மாற்றுவதும் இல்லை, நீக்குவதும் இல்லை. '௧. மடை' என்று எழுதியது '௧. மடை' என்றே நிற்கும். இடையில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் பின்வரும் எண்களைத் தாமே திருத்திக்கொள்ள வேண்டும் என்பது உண்மை. ஆயினும், 'மேலே மூன்றாவதாகக் கூறியது' என்று பிறிதோரிடத்தில் எழுதியிருப்பின், செயலி அறியாது எண்ணை மாற்றிவிடும் இடர் இதில் இல்லை. பழைய கணக்குகளில் பயின்ற ௸ என்னும் மேற்படிக் குறியும் யூனிகோட்டில் உண்டு. பின்ன எண்களும் நூல்முடிவைக் காட்டும் குறியும் 2019-இல் சேர்க்கப்பெற்றன. எனினும் பல கைப்பேசிகளில் அவற்றிற்கு எழுத்துரு இன்மையால் இவ்விறுதிவகை வெறுங்கட்டமாகவே தோன்றும். களப்பணிக்கு அவை இன்னும் உதவா.

எம் துறையில் இப்போது கையாளும் முறை இது. சொல்லுக்கு முன் தமிழெண். பொருளின் ஈற்றில் முற்றுப்புள்ளி. நாட்குறிப்பின் முடிவில் தொகை. முற்றுப்புள்ளி வந்தபின் எண் வருதலால், வரி முறியாவிடினும் உறுப்பு முறியும். புதிய படிவம் எதனிலும் எழுதத் தொடங்குமுன், இரண்டு வரிகளை ஒட்டி, மீளத் திறந்து நோக்கி, வரிமுறிவு நின்றதா என அறிந்த பின்னரே முழுக்குறிப்பையும் இடுகின்றோம்.

பழைய பட்டியலைத் திருத்தும் பணி பெரும்பாலும் முடிந்தது. ஐவரின் கைப்பேசிகளில் மூலக்குறிப்புகள் இருந்தமையால், ஒட்டிய சொற்களைப் பிரித்து உரிய பொருளோடு சேர்த்தோம். மடைக்கு அதன் வாய் மீண்டும் கிடைத்தது. ஆறாமவரின் கைப்பேசி பழுதுற்று, அதிலிருந்த குறிப்புகள் மறைந்தன. அவர் திரட்டியவற்றுள் நான்கு இடங்களில் சொல் எங்கே முடிந்து பொருள் எங்கே தொடங்குகின்றது என்பது இன்னும் தெளிவாகவில்லை. அந்நான்கனையும் சொற்பட்டியலிலிருந்து நீக்கித் தனியே வைத்துள்ளோம். இரண்டாம் போக அறுவடை முடிந்து உழவர் ஓய்ந்திருக்கும் நாளில், அவற்றை மட்டும் கேட்டறிதற்கு மீண்டும் சின்னமனூர் செல்லவிருக்கின்றோம்.